நோன்பு மாதமும் விடுதிச் சாப்பாடும்: எந்த ஏற்பாடு தேறும்?

கல்லூரி விடுதிகளில் மெஸ் பெரும்பாலும் காலை ஏழரை வாக்கில் திறக்கும். இரவு ஏழரைக்குப் பரிமாறத் தொடங்கி ஒன்பது மணியோடு மூடிவிடும். நோன்பு பிடிக்கும் மாணவருக்கு இந்த இரண்டு வேளையுமே ஒத்துவராது. இப்போது ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. சென்னைக் கணக்கில், நோன்பு தொடங்குமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டை அதிகாலை ஐந்தே கால் வாக்கில் முடித்தாக வேண்டும். மாலை ஆறே காலை ஒட்டி நோன்பு திறக்கலாம்.

சஹரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இரவுச் சாப்பாடும் பறிபோவது வார்டன்கள் கண்ணில் படுவதே இல்லை. இரவுத் தொழுகையான இஷாவை அடுத்து, ரமலானில் மட்டும் தொழும் தராவீஹ். 20 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழும் பள்ளிவாசல் என்றால் முடிந்து வர ஒன்பதைத் தாண்டிவிடும். மாலையில் குடித்த நோன்புக் கஞ்சியும் ஒரு வடையும்தான் அதுவரை வயிற்றில் இருக்கும். வந்து பார்த்தால் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

இதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

நிர்வாகங்களுக்குப் பிடித்தது, கட்டணத்தைக் கழித்துக்கொண்டு வெளியே சாப்பிடச் சொல்வது. செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிடும் டிவைடிங் முறை விடுதிகளில் கணக்குக்கு இது எளிது. ஆனால் அதிகாலை நாலரை மணிக்கு எந்த ஓட்டல் திறந்திருக்கிறது? பள்ளிவாசலிலேயே சஹர் கொடுக்கும் ஊர்களில் மாணவர்கள் சமாளித்துவிடுவார்கள். மாணவியர் விடுதியில் அந்த நேரத்தில் கேட்டே திறக்காது. பாதிப் பேருக்குப் பயன்படாத ஒன்றைச் சலுகை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது, இரவே டப்பாவில் கட்டிக் கொடுப்பது. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல், அவ்வளவுதான். இரவு ஒன்பதுக்கு மூடிய எவர்சில்வர் டப்பாவை நாலரைக்குத் திறந்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, சப்பாத்தி நனைந்து ஒட்டிக் கிடக்கும். தேங்காய் அரைத்த குருமா மார்ச் மாதப் புழுக்கத்தில் நூல் விட்டிருக்கும். புளிச்சோறு மட்டும் தாங்கும். மாதம் முழுக்கப் புளிச்சோறு தின்று, தண்ணீரும் குடிக்காமல் ஒரு பகலை ஓட்டுவது கொடுமை.

மூன்றாவது, மெஸ்ஸே நேரத்தை நீட்டுவது: அதிகாலை நாலு மணிக்குச் சூடாகச் சோறும் ஒரு குழம்பும், இரவு பத்து வரை ஒரு அண்டாவும் ஓர் ஆளும். என் ஓட்டு இதற்குத்தான். பெரிய விடுதிகளில் காலை இட்லிக்கும் பொங்கலுக்கும் சமையல்காரர்கள் எப்படியும் விடியுமுன் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தினால் போதும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவர்களுடைய தூக்கம். கூடுதல் கூலியும், முறை மாற்றி ஆட்களும், பகலில் ஓய்வும் தராமல் இதைத் தொடங்கக்கூடாது. மாணவருக்குச் செய்யும் நியாயத்தின் செலவைச் சமையல்காரர் தலையில் கட்டுவது சரியல்ல. சேர்ந்து சாப்பிடுவோர் பத்துப் பேருக்கும் குறைவு என்றால் மட்டும் டப்பா ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளலாம்; அப்போதும் இரவு அண்டா காத்திருக்கட்டும்.

வெள்ளிக்கிழமைச் சிக்கல் இதைவிட எளிது. பல பள்ளிவாசல்களில் வெள்ளி நண்பகல் கூட்டுத் தொழுகையான ஜும்ஆ முடிய ஒன்றரை ஆகிவிடும். பன்னிரண்டரைக்கு விட்டு ஒன்றே காலுக்கு வகுப்பு தொடங்கினால், தொழுகை, சாப்பாடு, வருகைப்பதிவு மூன்றில் ஒன்று போகும். வெள்ளியன்று மட்டும் இடைவேளையை இரண்டு மணி வரை நீட்டி, மற்ற நாள்களில் பத்துப் பத்து நிமிடமாக ஈடுகட்டலாம். தனித்தனியே அனுமதிச் சீட்டு எழுதி வாங்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என இருமுறை தொடங்கும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக மனு எழுத வைக்காமல், பிறை தெரிந்த இரவிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று விடுதி விதிகளிலேயே சேர்த்துவிடலாம்.