மச்சானின் காரா, மச்சானின் கூரையா?

"மின்கார் வாங்கிவிட்டால் புகையே இல்லை, தெரியுமா?" என்றார் செந்தூல் மச்சான். புகைக்குழாய் காரில் இல்லை, மச்சான், காப்பார் அனல்மின் நிலையத்தில் இருக்கிறது என்றேன். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது. யூனிட்டுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமிலவாயு.

பழைய ரசீது ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தோம். அவருடைய மைவி பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமிலவாயு, ஆக, 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதே தூரத்துக்கு மின்கார் 15 யூனிட் இழுத்தால் 11 கிலோவைத் தாண்டுகிறது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினாலும் 400 கிலோ மிச்சமாகாது. பெட்ரோலைச் சுத்திகரிக்கும்போது வரும் புகையையும் சேர்த்தால் மின்காருக்கு இன்னும் கொஞ்சம் சாதகம். சார்ஜ் ஏறும்போது வீணாவதைச் சேர்த்தால் அதில் கொஞ்சம் போய்விடும். அதே 100 கிலோமீட்டரை 4.5 லிட்டரில் ஓடும், பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் நிற்கிறது.

இதே மின்கார் சரவாக்கின் கூச்சிங்கில் ஓடினால் கதை வேறு. பாக்குன் போன்ற அணைகளின் நீர்மின்சாரம் அங்கே.

இப்போது கூரைக்கு வருவோம். 4 கிலோவாட் சூரியத் தகடுகள் நம் ஊர் வெயிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,800 யூனிட் தரும். அனல்மின்சாரத்தில் அத்தனையும் தவிர்த்தால் 3.6 டன். கார் மாற்றுவதைப் போல ஒன்பது மடங்கு! செலவோ, புதிய மின்கார் விலையைவிட மிகக் குறைவு. நாட்டின் மின்சாரம் சுத்தமாகச் சுத்தமாக மின்காரும் சுத்தமாகும் என்பது உண்மை. பெட்ரோல் காருக்கு அந்த யோகம் கிடையாது. ஆனாலும் இன்று கையில் ஒரு தொகைதான் இருக்கிறதென்றால், நான் கூரைக்கே கொடுப்பேன்.

கொடுக்க எனக்குத்தான் கூரை இல்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் என் தலைக்கு மேல் இருப்பது ஏழாம் மாடிக்காரரின் தரை. மாதம் 50 வெள்ளி பாஸில் எல்ஆர்டி ஏறுகிறேன். நான் ஏறாவிட்டாலும் அந்த ரயில் ஓடத்தான் போகிறது.

மச்சான் சாயங்காலமே ஏணி போட்டு ஓட்டின் மேல் ஏறிவிட்டார், பக்கத்து வீட்டு ரம்புத்தான் மர நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது என்று பார்க்க.