மெத்தில்கோபாலமின் 1500 (வைட்டமின் பி12) மாத்திரை, சுகர் இருக்கவங்களுக்கு எப்படி?

அம்மாவுக்கு சுகர், ரொம்ப வருஷமா மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை போடுறாங்க, சுத்த சைவம் வேற, பாதம் மதமதன்னு இருக்கு செருப்பு கழண்டாகூட தெரியலன்னு சொன்னதும் டாக்டர் பி12 டெஸ்ட் எழுதினாரு, பாத்தா ரொம்ப கம்மி. மெட்ஃபார்மின் போட்டா உடம்பு பி12 உறிஞ்சுறது குறையும், இத யாருமே முன்னாடி சொல்றதில்ல.

வெறும் மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம்தான் எழுதினாரு. சின்ன மாத்திரை, முழுங்க கஷ்டமில்ல. மதமதப்பு நல்லாவே குறைஞ்சிருக்கு, ராத்திரி எரிச்சல் இன்னும் இருக்கு, அது சுகரால வந்த நரம்பு பாதிப்புன்னா இது மட்டும் பத்தாதுங்க.

ஒரு மெடிக்கல்ல இது ஸ்டாக் இல்லன்னு பி6, ஃபோலிக் ஆசிட் எல்லாம் கலந்த அட்டைய நீட்டி "எல்லாம் ஒண்ணுதான்மா"ன்னாங்க. கண்டிப்பா ஒண்ணு இல்ல! 2010ல வெளிவந்த கனடா ஆராய்ச்சில, சுகரால கிட்னி பாதிச்சவங்களுக்கு ஃபோலிக் ஆசிட் 2.5 மில்லிகிராம், பி6 25 மில்லிகிராம், பி12 1 மில்லிகிராம்னு தினம் குடுத்துப் பாத்தாங்க, மாத்திரை போட்டவங்களுக்குத்தான் கிட்னி வேகமா கெட்டுச்சு, ஹார்ட் அட்டாக் ஸ்ட்ரோக் மாதிரி சிக்கலும் கூடுச்சு. சத்து மாத்திரைதானேன்னு அள்ளிப் போடாதீங்க ப்ளீஸ். கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின், யூரின் ஆல்புமின் டெஸ்ட் ரெண்டும் பாத்துட்டுதான் எங்க டாக்டர் இதையே ஆரம்பிச்சாரு.

5க்கு 4 குடுப்பேன். அட்டைல எழுத்து ரொம்பப் பொடி, வயசானவங்களால எக்ஸ்பைரி தேதி படிக்கவே முடியாது, அதுக்குத்தான் ஒண்ணு கம்மி.