பதற்ற நோய்க்கு எது சரி: அவசர மாத்திரையா, தினசரி மாத்திரையா, பேச்சு சிகிச்சையா?

தர்மபுரியில் மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். நெஞ்சு படபடப்பு, மூச்சு அடைப்பு, கை வெடவெடப்பு என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது கேஸ் மருந்து. அது கேட்கவில்லை என்றால் ஈசிஜி. ஈசிஜி நார்மல் என்று வந்ததும் வீட்டில் "ஒண்ணும் இல்லையாம்" என்று முடித்துவிடுவார்கள். ஒன்றும் இல்லை என்றால் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, செத்துவிடுவோமோ என்று ஏன் வேர்த்துக் கொட்டுகிறது? கேஸும் இல்லை, இதயமும் இல்லை, இது பதற்ற நோய் என்று தெரியவரும்போது சிலருக்கு வருஷமே ஓடியிருக்கும்.

நோய் இன்னதென்று தெரிந்த பிறகு மூன்று வழிகள் முன்னால் நிற்கின்றன. போட்ட அரை மணியில் அடக்கும் மாத்திரை, வாரக்கணக்கில் மெல்ல வேலை செய்யும் தினசரி மாத்திரை, மாத்திரையே இல்லாத பேச்சு சிகிச்சை. நம் பக்கத்தில் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எது கைக்கு எளிதாகக் கிடைக்கிறதோ அதுதான் நீண்ட நாளைக்கு ஆகாதது. எது நின்று பலன் தருமோ, அதற்குத்தான் பஸ் ஏறி அலைய வேண்டியிருக்கிறது. அதனால் இந்த மூன்றையும் "எது பவர் அதிகம்" என்று நான் ஒப்பிடப் போவதில்லை. எவ்வளவு நாளில் கேட்கும், மறுநாள் வேலைக்குப் போக முடியுமா, கடைசியில் அதைவிட்டு வெளியே வருவது எப்படி என்பதைத்தான் பார்க்கப் போகிறேன். மூன்றாவது கேள்வியை ஏனோ யாரும் கேட்பதே இல்லை.

அதற்கு முன் ஒரு வார்த்தை. தைராய்டு கூடினாலும், ரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை இறங்கினாலும் இதே படபடப்புதான் வரும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரும் கையை நடுங்க வைக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ குடிப்பவர் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் மற்றது.

அவசர மாத்திரை

அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் எல்லாம் ஒரே குடும்பம். எடிசோலமும் கிட்டத்தட்ட அதே வம்சம். கடையில் யாரும் இந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. "பாயிண்ட் ஃபைவ் குடுங்கண்ணா" என்பார்கள், இல்லையென்றால் "அந்தச் சின்ன மாத்திரை". இந்தக் குடும்பத்தின் மூத்தது குளோர்டயசெபாக்சைடு, 1960-ல் விற்பனைக்கு வந்தது. 1963-ல் டயசெபம் வந்தது. அதுவரை இருந்த பார்பிச்சுரேட் என்ற பழைய தூக்க மருந்துகளைவிட இவை எவ்வளவோ பாதுகாப்பானவை என்பதால் டாக்டர்கள் தாராளமாக எழுதினார்கள். பழக்கமாகிவிடும் என்பது உறைக்கப் பல வருஷம் ஆனது.

வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. மூளைக்குள் இயற்கையாகவே உள்ள காபா என்ற பிரேக்கை இது இன்னும் அழுத்திப் பிடிக்கிறது; அரை மணி, முக்கால் மணியில் உடம்பு தளர்ந்துவிடும். தாங்கவே முடியாத சில நாட்களுக்கும், தினசரி மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை இடைப்பட்ட இரண்டு மூன்று வாரத்துக்கும் டாக்டர் இதைக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. இது விஷம் என்று பயமுறுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சிக்கல், அந்த இரண்டு வாரம் இரண்டு வருஷமாகும்போது. அல்பிரசோலத்தின் பாதி, சுமார் 11 மணி நேரத்தில் உடம்பிலிருந்து போய்விடும். மருந்து இறங்க இறங்கப் பதற்றம் திரும்பத் தலைதூக்கும். ஆள் அதை "நோய் முற்றிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு இன்னொன்று போடுவார். அரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். ஒரு நாள் சீட்டு தீர்ந்துபோய் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், உடம்பெல்லாம் உதறும், சிலருக்கு வலிப்பே வரும்.

அல்பிரசோலமும் டயசெபமும் ஹெச்1 பட்டியலில், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத, விற்றால் கணக்கு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில், இருப்பது இதனால்தான். 2014 மார்ச் முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. இவற்றை விற்றால் தனிப் பதிவேட்டில் நோயாளியின் பெயர், சீட்டு எழுதிய டாக்டரின் பெயரும் முகவரியும், மருந்தின் பெயர், கொடுத்த அளவு எல்லாம் எழுத வேண்டும். அந்த ஏட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். "பழைய சீட்டுதான், பரவாயில்ல குடுங்க" என்று கெஞ்சுகிறவரிடம் மறுக்கும்போது கடைக்காரன் கெட்டவன் ஆகிவிடுகிறான். அந்தக் கெஞ்சலே மருந்து எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

மறுநாள் வேலை? லாரி ஓட்டுகிறவர் இதைப் போட்டுக்கொண்டு தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இறங்குவதை நினைத்தாலே எனக்குக் குலை நடுங்குகிறது. மயக்கம் தெரியாவிட்டாலும் கைகால் சுதாரிக்கும் வேகம் குறைந்திருக்கும். டாஸ்மாக் சரக்கோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கிவிடும். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதில் இதற்கும் பங்கு உண்டு.

தினசரி மாத்திரை

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்செட்டின் ஆகியவை செரோடோனின் வழியாக வேலை செய்பவை. வென்லாஃபாக்சின், டுலாக்செட்டின் இரண்டும் அடுத்த வீட்டுக்காரர்கள். இவை மனச்சோர்வு மருந்துகள் என்ற பெயரில் இருப்பதால், நெட்டில் தேடிவிட்டு "எனக்கு டிப்ரஷன் இல்லையே, ஏன் இதை எழுதினார்" என்று கேட்பவர்கள் உண்டு. சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பதற்ற நோய்க்கு மருந்து என்று போனால் உலகம் முழுக்க முதல் தேர்வு இந்த வகைதான். பிரிட்டனில் எந்த நோய்க்கு எந்த சிகிச்சை என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுவான பதற்ற நோய்க்கு முதலில் செர்ட்ராலினைப் பாருங்கள், அவசர மாத்திரையை நெருக்கடிக்குக் கொஞ்ச நாள் தவிரக் கொடுக்காதீர்கள் என்றே சொல்கிறது.

இதன் பெரிய குறை, பலனுக்கு முன்னால் தொல்லை வந்து நிற்பது. முதல் வாரம் குமட்டும், வயிறு கலங்கும், தலை வலிக்கும். எல்லாவற்றையும்விட மோசம், சிலருக்குப் பதற்றமே கொஞ்சம் கூடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுசாகத் தெரிய ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதனால்தான் எஸ்சிட்டலோபிராமை 5 மில்லிகிராமில் தொடங்கி 10-க்கு ஏற்றுவார்கள். இதை முன்கூட்டியே ஒருவர் சொல்லிவிட்டால் தாங்கிக்கொள்ளலாம். சொல்லாவிட்டால், "இந்த மாத்திரை ஒத்துக்கல சார்" என்று ஐந்தாம் நாளே அட்டை குப்பைக்குப் போகும். இந்த மருந்து தோற்கிற இடங்களில் பாதி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு பாதி, ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாதது. தாம்பத்திய ஆசை குறையலாம், உச்சம் தாமதமாகலாம். பெண்களுக்கும் இது உண்டு. அவர்கள் அதையும் சொல்வதில்லை. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கிறது. சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதுதான் நடக்கிறது.

கவனிக்க வேண்டியவை வேறு சில உண்டு. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் டைக்ளோஃபெனாக் போடும் பழக்கம் நம் மாவட்டத்தில் சாதாரணம். அதோடு இதுவும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். டிராமடால் என்ற வலி மாத்திரையும் இதோடு சேராது. வென்லாஃபாக்சின் சாப்பிட்டால் பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வருவது? குணமான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை தொடர்ந்து, அப்புறம் படிப்படியாகக் குறைப்பார்கள். சட்டென்று நிறுத்தினால் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும், கிறுகிறுக்கும். தொல்லைதான், ஆனால் இதற்காக யாரும் அளவை ஏற்றிக்கொண்டே போய் மருந்துக்கு ஏங்குவதில்லை. அவசர மாத்திரைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான்.

எஸ்சிட்டலோபிராமையும் குளோனசெபத்தையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கிறார்கள். எனக்கு அந்தச் சேர்க்கை பிடிப்பதில்லை. ஒன்று மாதக்கணக்கில் ஓட வேண்டியது, மற்றது வாரங்களில் நிற்க வேண்டியது. ஒட்டி வைத்தால் இரண்டாவதை எப்படித் தனியாக நிறுத்துவது? உங்கள் அட்டையில் இரண்டு பெயர் இருந்தால், "இதைப் பிரித்து எழுத முடியுமா" என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

பேச்சு சிகிச்சை

நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் "மனசைத் தைரியமா வச்சுக்கோங்க" என்பதோடு முடிந்துவிடும் என்ற நினைப்பு இருக்கிறது. சிபிடி எனப்படும் முறை, அதாவது நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை, அது அல்ல. வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு முதல் பதினைந்து அமர்வு, வீட்டுப்பாடம், நோட்டு, அளவெடுப்பு எல்லாம் உண்டு. 1960-களில் அமெரிக்க மனநல டாக்டர் ஆரன் பெக் தொடங்கிவைத்த இந்த முறை, திடீரென்று வந்து ஆளையே ஆட்டிவிடும் பேனிக் அட்டாக்குக்கு என்று 1980-களில் தனியாகவே செதுக்கப்பட்டது. அதன் கரு இவ்வளவுதான்: இதயம் வேகமாகத் துடிக்கிறது, அதை மாரடைப்பு என்று மனசு மொழிபெயர்க்கிறது, அந்தப் பயத்தில் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. சங்கிலியை நடுவில் வெட்டினால் போதும்.

வெட்டுவது எப்படி? சேலம் பஸ்ஸில் ஒருமுறை மூச்சடைத்துப்போய், அதற்கப்புறம் பஸ்ஸே ஏறாத ஒருவரை வைத்துச் சொல்கிறேன். முதல் வாரம், அறையிலேயே ஒரு நிமிஷம் நின்ற இடத்தில் ஓடச் சொல்வார்கள். படபடப்பு வரும், அதைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் தானாக இறங்கும். அப்புறம் பஸ் நிலையத்தில் போய் நிற்பது. அடுத்து அதியமான்கோட்டை வரை போய் இறங்குவது, அது சலித்துப்போனதும் நல்லம்பள்ளி, பிறகு தொப்பூர், கடைசியில் சேலம். ஒவ்வொரு தடவையும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நோட்டில் எழுத வேண்டும். ஜன்னலோர சீட், கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் மாத்திரை போன்ற ஊன்றுகோல்களை ஒவ்வொன்றாக விட வேண்டும். அவசர மாத்திரை போட்டுக்கொண்டு இந்தப் பயணத்தைச் செய்தால் பாதிப் பலன் போச்சு. பிழைத்தது மாத்திரையால் என்றுதான் மனசு கணக்கு எழுதிக்கொள்ளும்.

பலனில் இது தினசரி மாத்திரைக்குச் சளைத்ததல்ல. விட்ட பிறகு நோய் திரும்பும் வாய்ப்பில் இதன் கை ஓங்கியே இருக்கிறது, ஏனென்றால் கற்றது கையிலேயே தங்கும். கஷ்டம், ஆள் கிடைப்பது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-லும் கிருஷ்ணகிரி கல்லூரி 2022-லும் வந்தன. அங்கே மனநலப் பிரிவில் ஓபி சீட்டு போட்டு டாக்டரைப் பார்க்கலாம், மாத்திரை இலவசம். ஆனால் கூட்டத்தில் ஒருவருக்கு வாராவாரம் முக்கால் மணி நேரம் ஒதுக்குவது அவர்களால் ஆகிற காரியமா? ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் அதே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. அரூருக்கும் பென்னாகரத்துக்கும் அந்தக் கதை ஒத்துவராது. ஒரு நாள் கூலி போய்விடும். வீடியோவில் பார்க்கும் உளவியலாளர் அவர்களுக்குத் தோதுப்படலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி போன் எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மற்றவை

புரோபிரனலால்: இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. மேடையேறும் முன், நேர்காணலுக்கு முன் வரும் கை நடுக்கத்துக்கு நல்லது. மனசின் பயத்தைத் தொடாது. ஆஸ்துமாக்காரர்கள் கிட்டேயே போகக்கூடாது. சர்க்கரைக்காரர்களுக்குச் சர்க்கரை இறங்குவதன் அறிகுறியை மறைத்துவிடும்.

யோகா: 2020-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 226 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் சிபிடி குழுவில் 71 சதவீதம், குண்டலினி யோகா குழுவில் 54, வெறும் பாடம் கேட்ட குழுவில் 33 சதவீதம் பேர் தேறினார்கள். 276 பேரை வைத்து 2022-ல் வெளியான இன்னொன்றில், எட்டு வாரத் தியானப் பயிற்சி எஸ்சிட்டலோபிராமுக்கு ஈடாக நின்றது. ஆனால் அவர்கள் தினமும் வீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மூச்சை இழுத்துவிட்டு "யோகாவும் பண்ணிப் பார்த்துட்டேன்" என்பது கணக்கில் வராது.

அஸ்வகந்தா: சின்னச் சின்ன ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிகிறது. ஈரல் பாதித்ததாகவும் பதிவுகள் உண்டு, தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. மந்திரித்துக் கயிறு கட்டுவது, வேப்பிலை அடிப்பது பற்றி எனக்குச் சண்டை இல்லை. கயிறு கட்டிக்கொண்டே மாத்திரையும் சாப்பிடலாம். கயிறு கட்டியாயிற்று என்று மாத்திரையை நிறுத்தும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

யாருக்கு எது

தினமும் வேலைக்குப் போயாக வேண்டும், நோய் ஓரளவு முற்றியிருக்கிறது என்றால் நான் தினசரி மாத்திரையில்தான் தொடங்கச் சொல்வேன், கூடவே கிடைக்கிற அளவுக்கு சிபிடி. குறிப்பிட்ட ஒரு பயம் மட்டும்தான், அதாவது பஸ், கூட்டம், மேடை என்றால் சிபிடி முதலில். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் மாத்திரையைத் தாங்களாகத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. பராக்செட்டினைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

"வாழ்நாள் முழுக்க மாத்திரையா" என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை தரும் திட்டம் 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்த மாத்திரையை வாசலில் நின்றே வாங்கிக்கொள்கிறோம், வெட்கப்படுவதில்லை. ஒரு வருஷத்தில் முடியக்கூடிய மனசு மாத்திரையை மட்டும் பேப்பரில் சுற்றித் தரச் சொல்கிறோம்.

அவசர மாத்திரையை ஏற்கனவே மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிட வேண்டாம். அது சாப்பிடுவதைவிட ஆபத்து. டாக்டர் சில வாரம், சில மாதம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். தேவைப்பட்டால் நீண்ட நேரம் நிற்கும் டயசெபத்துக்கு மாற்றிவிட்டுக் குறைப்பார். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் எடுத்துப் போங்கள், வேறு டாக்டர் எழுதியதையும் சேர்த்து. குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு வேகத்தில் குறைப்பது என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.