மீன்குளம் வெட்டித் தரும் பெக்கோ சேவை: கட்டு உறுதி, துருசு இல்லை

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், பெக்கோ என்னும் மண்வெட்டும் இயந்திரத்தால் மணித்தியாலக் கணக்கில் மீன்குளம் வெட்டித் தரும் ஒரு குழுவின் வேலை இது. குளம் கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச்.

கட்டு வேலை அருமை. வேரோடு மேல்மண்ணை வழித்து ஒதுக்கி, கட்டு வரும் இடத்தின் நடுவே கான் வெட்டிக் களி நிரப்பினார்கள். இதை விட்டால் பழைய நிலத்துக்கும் புதுக் கட்டுக்கும் இடையால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மண்ணை 20 சென்ரிமீற்றர் படைகளாகப் போட்டு, நனைத்து, ஒவ்வொன்றாக இறுக்கினார்கள். உட்சரிவு ஒரு மீற்றர் உயரத்துக்கு இரண்டு மீற்றர். குறை சொல்ல இடமில்லை.

ஆனால் குளத்தை வற்றவிடத் துருசு, அதாவது அடியில் தண்ணீர் திறந்துவிடும் வழி, வைக்கவில்லை. பம்ப் போட்டு இறைத்தாலும் கடைசி ஒரு முழம் சேற்றுத் தண்ணீர் கிடக்கும். அதற்குள் விரால் தப்பும். அடுத்து விடும் குஞ்சுகள் அதற்குத்தான் தீனி.

வற்றாத குளம் மீன்குளமே அல்ல. நாலுகால் விலங்கின் இறைச்சியை விலக்கிய பெனடிக்ட் விதிப்படி வாழ்ந்த ஐரோப்பிய மடங்களுக்கு இது நன்றாகத் தெரியும். வளர்க்க ஒரு குளம், சமையலுக்குப் பிடித்து வைக்கச் சிறு குளம், வெள்ளத்தைச் சுற்றிவிடப் பக்க வாய்க்கால், அடியில் துருசு. இங்கிலாந்தின் போர்ட்ஸ்லி மடம் 1538இல் மூடப்பட்டது. அதன் குளக்கட்டுகள் இன்றும் புல் மேடாகத் தெரிகின்றன. பலகை போட்டு நீர்மட்டம் காக்கும் வடிகால் தூணுக்கு ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றிலும் ‘துறவி’ என்றே பெயர்.

நமக்கு 4 அங்குல பிவிசி குழாய் போதும். கட்டுப் போடுமுன் ஆழமான மூலையில் பதியுங்கள். உள்முனையில் எல்போவை (குழாயின் வளைவுத் துண்டை) பசை பூசாமல் மாட்டி, நிமிர்ந்த குழாய் வையுங்கள். அதன் உயரமே நீர்மட்டம், சாய்த்தால் குளம் வற்றும். கட்டின் நடுவில் குழாயைச் சுற்றிக் கொங்கிறீற் பட்டை கட்டாயம். இல்லாவிட்டால் குழாயை ஒட்டியே தண்ணீர் ஓடி, கார்த்திகை மழையில் கட்டு அறுக்கும். வெளிவாய்க்கால் குழாயைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். பிறகு கட்டை வெட்டிக் குழாய் வைத்தால் அந்த ஒட்டில் கசிவு வரும்.

இந்தக் குழுவைத் தாராளமாகக் கூப்பிடலாம், குழாயையும் பக்க வாய்க்காலையும் முதலிலேயே பேசிக்கொண்டால். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை மணலுக்கு வேண்டாம். ஈரமண்ணை உருண்டை பிடித்து மேலே எறிந்து ஏந்துங்கள். உடைந்தால் அந்த மண்ணில் தண்ணீர் நிற்காது.