அறுபதுகளின் சோல் இசை: 45, எல்.பி., சிடி எல்லாவற்றிலும் பல வருடம் கேட்ட பிறகு

அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசையைக் கேட்க ஆரம்பிக்கும் நண்பர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எதை வாங்குவது? பல வருடமாக நான் சொல்லும் பதில் மாறவில்லை. நல்ல சிடி தொகுப்பு ஒன்றில் தொடங்குங்கள். அதில் எந்தப் பாட்டு உங்களை விடாமல் துரத்துகிறதோ அதை 45-ல், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறு தட்டில், தேடிப் பிடியுங்கள். அறுபதுகளில் வந்த எல்.பி.க்களில், அதாவது பல பாட்டு அடங்கிய பெரிய தட்டுகளில், பெரும்பாலானவற்றை வாங்க வேண்டியதில்லை. நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, மான்செஸ்டர் பக்கம். இந்த இசை பிறந்தது அமெரிக்காவின் மெம்ஃபிஸிலும் டெட்ராய்ட்டிலும் என்றாலும், அதை உயிரைக் கொடுத்துச் சேர்த்தவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள். அவர்களோடு பழகியதில் கற்றதும் இந்த அனுபவத்தில் சேர்த்திதான்.

சிறு தட்டை நான் முன்னே வைப்பதற்குக் காரணம், அந்தப் பாடல்கள் அதற்காகவே செய்யப்பட்டவை என்பதுதான். ரேடியோவிலும் ஜூக்பாக்ஸிலும் ஓட வேண்டிய இரண்டரை நிமிடப் பாட்டு, பக்கத்துக்கு ஒன்று. பாட்டு ஹிட்டானால் அதன் பெயரில் அவசரமாக ஒரு எல்.பி. வரும், மிச்ச இடத்தை அடுத்தவர்களின் ஹிட்டுகளைத் திரும்பப் பாடி நிரப்புவார்கள். டெட்ராய்ட்டில் 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி மோடவுன் என்ற ரெக்கார்டு கம்பெனியை ஆரம்பித்த பெர்ரி கோர்டி, அதற்கு முன் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய ஸ்டுடியோவில் மிக்ஸிங் முடிந்ததும் கார் ரேடியோ அளவுள்ள சின்ன ஸ்பீக்கரில் ஓட்டிக் கேட்பார்கள். அதில் நன்றாக வந்தால்தான் தட்டு வெளியே போகும். மோடவுனின் பேஸ் கிடார் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் அத்தனை சின்ன ஸ்பீக்கரிலும் எழும்பி வருவது தற்செயல் இல்லை.

மெம்ஃபிஸ் விஷயம் இன்னும் தெளிவானது. ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் 1960-ல் மெக்லெமோர் அவென்யூவில் ஒரு பழைய சினிமா தியேட்டரை வாடகைக்குப் பிடித்து ஸ்டுடியோவாக மாற்றினார்கள். அதுதான் ஸ்டாக்ஸ் கம்பெனி. தியேட்டரின் சரிவான தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். மிட்டாய் விற்ற இடத்தில் எஸ்டெல் ரெக்கார்டுக் கடை வைத்தார். தெருப் பையன்கள் வந்து எந்தப் பாட்டை ரசிக்கிறார்கள் என்று அங்கேயே பார்த்துத் தெரிந்துகொள்வார். 1965 வரை அங்கே பதிவானதெல்லாம் மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில். அந்த வருடம் நியூயார்க்கிலிருந்து, ஸ்டாக்ஸின் தட்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் கம்பெனியின் பொறியாளர் டாம் டவ்ட் வந்து இரண்டு டிராக் கருவியைப் பொருத்தினார். அதற்குப் பிறகும் 45-க்கான மோனோவைத்தான் அவர்கள் முதன்மையாக நினைத்தார்கள் என்பது கேட்கும்போதே தெரியும். சில பாடல்களின் பழைய ஸ்டீரியோ வடிவத்தில் பாடகர் ஒரு மூலை, வாத்தியங்கள் இன்னொரு மூலை என்று பிரிந்து நிற்கும். அதையே மோனோ தட்டில் கேட்டால் டிரம்மும் பேஸும் குரலும் ஒரே இடத்திலிருந்து நெஞ்சுக்கு நேராக வருகின்றன.

இதைச் சோதிக்க நான் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவது வில்சன் பிக்கெட் 1965-ல் ஸ்டாக்ஸில் பாடிய 'இன் தி மிட்நைட் அவர்'. தாளத்தின் இரண்டாவது, நான்காவது அடிகளைக் கவனியுங்கள். டிரம்மர் அல் ஜாக்சனும் கிடாரிஸ்ட் ஸ்டீவ் கிராப்பரும் அந்த அடியை ஒரு நூலிழை தாமதமாகப் போடுவார்கள். பதிவின்போது அட்லாண்டிக்கின் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் ஸ்டுடியோவுக்குள் வந்து, அப்போது பையன்கள் ஆடிய புது ஆட்டத்தை ஆடிக் காட்டி, அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்று சொன்னதை கிராப்பர் பலமுறை விவரித்திருக்கிறார். அந்தத் தாமதம்தான் உடம்பைப் பின்னுக்கு இழுத்துப் பிறகு ஆடவைக்கிறது. போனில் கேட்டால் அது ஒரு தகவலாகப் போய்விடும். 45-ல், கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேட்டால், தோளில் தெரியும்.

அந்தப் பாட்டை பிக்கெட்டும் கிராப்பரும் சேர்ந்து எழுதியது மெம்ஃபிஸின் லொரெய்ன் மோட்டலில். கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து உட்கார அந்த ஊரில் இருந்த மிகச் சில இடங்களில் ஒன்று அது. ஸ்டாக்ஸின் வாத்தியக் குழுவே அப்படித்தான்: புக்கர் டி. ஜோன்ஸ், அல் ஜாக்சன் இருவரும் கறுப்பர்கள்; கிராப்பர், டக் டன் இருவரும் வெள்ளையர்கள். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டது அதே மோட்டலின் மாடி வராந்தாவில். அந்தத் தேதிக்கு முன் வந்த தட்டுகளையும் பின் வந்தவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், மெம்ஃபிஸ் பாடல்களின் குரல் மாறிப்போனதாகவே எனக்குப் படுகிறது.

தட்டின் நடுவில் இருக்கும் காகித லேபிளிலும் அந்த முறிவைப் பார்க்கலாம். ஸ்டாக்ஸின் பழைய தட்டுகள் வெளிர் நீலம்; அடுக்கிவைத்த தட்டுகளின் படம் இருக்கும். 1968-லிருந்து மஞ்சள் லேபிள், சொடுக்குப் போடும் விரல்கள். நிறம் மாறியதற்குப் பின்னால் பெரிய துரோகம் ஒன்று இருக்கிறது. 1967 டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஸின் பெரிய பாடகர் ஓட்டிஸ் ரெடிங் சென்ற சிறு விமானம் விஸ்கான்சின் மாநிலத்தில் மொனோனா ஏரியில் விழுந்தது. அவரோடு பயணம் செய்த, அவருக்கு வாசித்த பார்-கேஸ் குழுவினரில் பிழைத்தவர் பென் காலி ஒருவர்தான். அடுத்த சில மாதங்களில், அட்லாண்டிக்கோடு போட்ட விநியோக ஒப்பந்தத்தின் ஒரு விதியால், அதுவரை அட்லாண்டிக் வழியே வெளிவந்த தங்கள் பதிவுகளெல்லாம் தங்களுக்குச் சொந்தமில்லை என்று ஸ்டாக்ஸுக்குத் தெரியவந்தது. பாடகர் போனார், பதிவுகளும் போயின. இன்றைக்கும் ஸ்டாக்ஸின் இரண்டு காலகட்டப் பாடல்களும் வேறு வேறு கம்பெனிகளிடம்தான் இருக்கின்றன. ஸ்டாக்ஸ் என்று பெயர் போட்ட ஒரு தொகுப்பை வாங்கி, அதில் ஓட்டிஸ் இல்லையே என்று குழம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

சரி, தட்டுக்கு வருவோம். நம் வீடுகளில் இருந்த தமிழ்ப் பட இ.பி. தட்டும் இதே ஏழு அங்குல அளவுதான். ஆனால் அமெரிக்க 45-ன் நடுவில் ஒன்றரை அங்குலத்துக்குப் பெரிய ஓட்டை இருக்கும், அடாப்டர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதைவிட முக்கியம், எல்லா 45-களும் வினைல் கிடையாது. அமெரிக்காவில் நிறைய தட்டுகளை ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் அச்சடித்தார்கள். லேபிள் தட்டோடு சேர்ந்து அழுந்தாமல் மேலே ஒட்டியது போல இருந்தால், நகத்தால் சுண்டும்போது ஓசை மெல்லியதாக, கணீரென்று வந்தால், அது பெரும்பாலும் ஸ்டைரீன். புதிதாக இருக்கும்போது அருமையாகப் பாடும். தேய்ந்த ஊசியில் சில தடவை ஓட்டிவிட்டால் போதும், எழுத்தெல்லாம் 'ஸ்ஸ்' என்று இரையும். எந்தக் கழுவலும் அதைச் சரிசெய்யாது. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் ஸ்டைரீன் தட்டு உள்ளே செத்துக் கிடப்பது சர்வசாதாரணம். அதனால் கண்ணால் பார்த்து மட்டும் ஸ்டைரீன் வாங்காதீர்கள், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடல் தாண்டி வரவழைத்த ஒரு தட்டில் எனக்கு இதுதான் நடந்தது: 'வி.ஜி. பிளஸ்' (மிக நல்ல நிலைக்கும் ஒரு படி மேல்) என்று தரம் போட்டிருந்தார்கள், வந்தது வெறும் இரைச்சல். விற்றவர் தட்டைப் பார்த்து மட்டுமே தரம் போட்டதாகச் சொன்னார், பணமும் திரும்பவில்லை.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக. தட்டு ஓட்ட டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 டர்ன்டேபிள் வைத்திருக்கிறேன். வேகம் நிலையாக இருக்கிறது, பழுதும் வந்ததில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வித்தியாசம் தந்தது காட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவை ஒலியாக மாற்றும் சிறு பகுதி. டெனான் டி.எல். 102 என்ற மோனோ காட்ரிட்ஜ், உருண்டை முனை ஊசி. மோனோ தட்டின் பள்ளத்தில் இசை முழுவதும் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு தூசியும் தேய்மானமும் மட்டுமே. மோனோ காட்ரிட்ஜ் அந்த மேல்-கீழ் அசைவை ஒலியாக மாற்றுவதே இல்லை. அதனால் ஸ்டீரியோ ஊசியில் பொரிந்து தள்ளிய தட்டு இதில் பாதிக்கு மேல் அமைதியாகிவிடும். புதிதாகத் தட்டு வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குங்கள் என்பேன். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் தட்டெல்லாம் ஒரு படி ஏறிவிடும். கழுவுவதற்கு காய்ச்சி வடித்த நீரும் மென்மையான பிரஷும் போதும். இந்த ஊர் ஈரத்துக்குப் பழைய காகித உறைகள் பூஞ்சை பிடிக்கும், அவற்றை மாற்றிவிடுவேன். கம்பெனி பெயர் அச்சிட்ட அசல் உறைகளை மட்டும் தனியே வைத்திருக்கிறேன்.

இப்போது விலை. இங்கே நார்தர்ன் சோல் என்று ஒரு பெரிய உலகம் இருக்கிறது. லண்டனில் சோல் சிட்டி என்ற கடை நடத்திய டேவ் காடின், கால்பந்து ஆட்டம் பார்க்க வடக்கிலிருந்து வரும் பையன்கள் புதுப் பாடல்களை விட்டுவிட்டு, அறுபதுகளின் நடுவில் வந்த வேகமான பாடல்களையே கேட்பதைக் கவனித்து வைத்த பெயர் அது. மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், பிறகு 1973 முதல் 1981 வரை விகன் கேசினோ என்று விடிய விடிய ஆடினார்கள். அமெரிக்காவில் யாரும் வாங்காமல் கிடங்கில் கிடந்த தட்டுகளை இவர்கள் தேடிப்போய் அள்ளிவந்தார்கள். தட்டு எது என்று போட்டி டி.ஜே.க்களுக்குத் தெரியாமல் இருக்க, லேபிள் மேல் காகிதம் ஒட்டிப் பொய்ப் பெயர் சொல்வார்கள். ஃபிராங்க் வில்சன் 1965-ல் மோடவுனுக்காகப் பாடி, வெளியிடாமலே கைவிடப்பட்ட ஒரு 45-ன் பிரதி 2009-ல் 25,742 பவுண்டுக்குப் போனது. பாட்டு நிஜமாகவே அற்புதமானது. ஆனாலும் அரிது என்பதற்காக விலை ஏறும் தட்டுகளுக்குப் பின்னால் ஓட எனக்கு விருப்பமில்லை. அந்தப் போட்டியில் வேகமான பாட்டுக்குத்தான் மதிப்பு; என்னைக் கட்டிப்போட்டவை மெதுவான பாடல்கள்.

காடினுக்கே அந்த மெதுவான பாடல்கள்மீதுதான் அதிகக் காதல். ஏஸ் நிறுவனத்தின் கென்ட் என்ற லேபிளுக்காக (இங்கே லேபிள் என்பது வெளியீட்டுப் பெயர்) 1997-லிருந்து அவர் தொகுத்த 'டீப் சோல்' சிடிக்கள் எனக்குப் பாடப்புத்தகம் போல இருந்தன. ஒரு ஹிட் கூட இல்லாமல் காணாமல் போன பாடகர்களை ஓட்டிஸுக்குச் சமமாக உட்காரவைத்தவர் அவர். இந்த வகையில் ஒரே ஒரு பாட்டு கேளுங்கள் என்றால் ஜேம்ஸ் கார் பாடிய 'தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்'. டேன் பென்னும் சிப்ஸ் மோமனும் எழுதி, மெம்ஃபிஸின் கோல்ட்வாக்ஸ் என்ற சிறு லேபிளில் வந்தது. ஊருக்குத் தெரியாமல் இருட்டில் சந்திக்கும் இருவரின் கதை. மாட்டிக்கொள்ளப்போகிறோம் என்று தெரிந்தே பாடுகிறான். கார் எந்த இடத்திலும் கத்தவில்லை. கத்த வேண்டிய இடம் வரும்போதெல்லாம் குரலைத் தரையில் அழுத்திப் பிடிக்கிறார். கிடாரின் நடுக்கம் மட்டும் அவருக்குப் பதிலாக நடுங்குகிறது. இரண்டரை நிமிடம். தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர் பாவத்தைப் பாடும்போது எப்படி இருக்கும் என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன பதிவை நான் கேட்டதில்லை.

சிடி தொகுப்பில் பெரியது 1991-ல் வந்த ஸ்டாக்ஸ்/வோல்ட் (வோல்ட் ஸ்டாக்ஸின் துணை லேபிள்) சிங்கிள்ஸ் பெட்டி: ஒன்பது சிடி, 244 பாடல்கள், 1959 முதல் 1968 வரை, வெளிவந்த வரிசையிலேயே. வரிசையில் கேட்பதன் பலன் நான்காவது சிடிக்குள் தெரிந்துவிடும். ஒரே நான்கு பேர் வாரம் தவறாமல் ஒரே அறையில் வாசித்து எப்படி இறுகிப்போகிறார்கள் என்பது காதுக்கு முன்னால் நடக்கும். ஸ்ட்ரீமிங்கில் எனக்குள்ள குறை, எது அசல் பதிவு என்று சொல்ல ஆள் இல்லை. பல பாடகர்கள் பிற்காலத்தில் பிழைப்புக்காகத் தங்கள் ஹிட்டுகளைத் திரும்பப் பதிவு செய்தார்கள். அவையும் அதே பெயரில், பழைய படத்தோடு வரிசையில் நிற்கின்றன. டிரம் ஓசை சுத்தமாக, சில்லென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எல்.பி.யில் விதிவிலக்குகளும் உண்டு. ஓட்டிஸ் 1965-ல் ஒரு நாள் பொழுதுக்குள் பாடி முடித்த 'ஓட்டிஸ் ப்ளூ', அரீதா ஃபிராங்க்ளின் 1967-ல் அட்லாண்டிக்குக்குப் பாடிய முதல் எல்.பி., ஐசக் ஹேய்ஸ் நான்கே பாடல்களை நிரப்பிய 1969 எல்.பி., மோடவுனில் வாத்தியக்காரர்களின் பெயரை அச்சிட்ட மார்வின் கேயின் 1971 எல்.பி. இவற்றை முழுதாகத்தான் கேட்க வேண்டும். அப்புறம் எழுபதுகளில் வில்லி மிட்செல் தயாரித்த அல் கிரீன் எல்.பி.க்கள். அவருடைய ராயல் ஸ்டுடியோவும் பழைய தியேட்டர்தான், அதே சரிவான தரை. ஹாட்ஜஸ் சகோதரர்கள் மூவரும் கிடார், பேஸ், ஆர்கன் வாசிக்க, அல் கிரீன் மூச்சு விடுவது வரை கேட்கும் அளவுக்கு மைக்கை நெருங்கிப் பாடுகிறார்.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது அதே மிட்செல், அதே குழுவோடு ஓ.வி. ரைட்டுக்குச் செய்த பதிவுகள். பேக் பீட் லேபிளில் வந்தவை. அல் கிரீனுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒன்று கூட ரைட்டுக்குக் கிடைக்கவில்லை, 1980-ல் இறந்துவிட்டார். அவருடைய 45-களில் பல இங்குள்ள ரெக்கார்டுச் சந்தைகளில் இன்னும் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. 'எ நிக்கல் அண்ட் எ நெய்ல்' கண்ணில் பட்டால் ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே வாங்கிவிடுங்கள்.