பாலை கிலோவாகவே அளக்கும் மீட்டர்: ஆற்காட்டில் இரண்டு வருட அனுபவம்

ஆற்காடு பக்கம் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். திமிரி, கலவை பக்கத்திலிருந்து டேங்கரில் வரும் பாலை இறக்கும் பைப்பில் இரண்டு வருடம் முன்பு கொரியோலிஸ் மீட்டர் (ஓடும் பாலின் எடையை நேராகவே அளக்கும் கருவி) மாட்டினோம்.

அதற்கு முன் இருந்த மீட்டர் லிட்டரில் காட்டும். கணக்கு கிலோவில். லிட்டரை 1.03 ஆல் பெருக்குவோம். ஆனால் பாலின் அடர்த்தி தினமும் ஒரே மாதிரி இருக்காது, சூடு ஏறினால் கன அளவும் மாறும். சித்திரை வெயிலில் ஓட்டுநர்கள் வந்து, "இன்னாணா, நாப்பது கிலோ எங்க போச்சு?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான்.

இந்த மீட்டருக்குள் சுழலும் இறக்கை கிடையாது. வளைந்த இரண்டு எஃகுக் குழாய்கள், நடுவில் மின்சாரம் பாயும் ஒரு கம்பிச்சுருள் அவற்றை எதிரெதிராக அதிர வைக்கும். பால் ஓடாதபோது இரு முனைகளும் ஒன்றாக ஆடும். ஓட ஆரம்பித்ததும் உள்ளே நுழையும் பக்கம் சற்றுப் பிந்தும், வெளியேறும் பக்கம் சற்று முந்தும். அந்த மைக்ரோ நொடிக் கணக்கான இடைவெளிதான் எத்தனை கிலோ போகிறது என்பதைச் சொல்கிறது. 1835-ல் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்த விசை, இன்று நம் ஊர்ப் பாலை அளக்கிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். குழாய் அதிரும் வேகத்தை வைத்து அடர்த்தியையும் காட்டுகிறது. தண்ணீர் கலந்தால் அடர்த்தி இறங்கும், உடனே சந்தேகம் வந்துவிடும். ஆனால் கொழுப்பு கூடினாலும் இறங்கும் என்பதால் லேப் சோதனையை நாங்கள் விடவில்லை.

முதல் மாதம் படாத பாடு பட்டோம். டேங்கர் காலியாகும் நேரத்தில் பம்ப் காற்றை இழுக்கும். நுரையோடு பால் வந்தால் அடர்த்தி 0.9 என்று விழும், எடையும் தாறுமாறாகும். மீட்டருக்கு முன்னால் காற்றைப் பிரிக்கும் சின்ன டேங்க் வைத்த பிறகுதான் அடங்கியது. அப்புறம் இன்னொன்று: பைப் போட்டவர்கள் நேராக வராத ஃபிளாஞ்சை (பைப் முனைகளை இணைக்கும் வளையத்தை) போல்ட் போட்டு இழுத்து முடுக்கியிருந்தார்கள். அந்த இழுவிசையில் மீட்டரின் ஜீரோ, அதாவது பால் ஓடாதபோது காட்ட வேண்டிய பூஜ்யம், நகர்ந்துகொண்டே இருந்தது. பைப்பை வெட்டி, நேராக்கி, தாங்கி வைத்து, குழாய் நிறையப் பாலை நிறுத்தி இரு பக்க வால்வையும் மூடி ஜீரோ செய்தோம். சரியாகிவிட்டது.

பிறகு ஆறு டேங்கரை எடைமேடையில் ஏற்றி ஒப்பிட்டேன். ஒன்றில் மேடை 5,140 கிலோ, மீட்டர் 5,145. மேடையே ஐந்து ஐந்து கிலோவாகத்தான் காட்டும், இதற்குமேல் என்ன கேட்பது? மற்ற ஐந்திலும் 10 கிலோவைத் தாண்டவில்லை. ஓட்டுநர்களோடு சண்டை ஓய்ந்தது. அதற்காகவே இதை வாங்கச் சொல்வேன்.

விலை லட்சக்கணக்கில். கழிவுநீருக்கோ போர் தண்ணீருக்கோ இது வேண்டாம், மின்காந்த மீட்டர் போதும். பாலுக்கு வாங்குபவர்கள் நிமிர்ந்த பைப்பில், ஓட்டம் கீழிருந்து மேலே போகும்படி மாட்டச் சொல்லுங்கள். காஸ்டிக் சோடா கரைசலால் பைப்பைக் கழுவி முடித்ததும் உள்ளே எதுவும் தேங்காமல் வடிந்துவிடும்.

ஒரே குறை, நேர் வெயிலில் டிஸ்ப்ளே தெரியவில்லை. ஒரு தகடை வளைத்து மேலே நிழல் போட்டிருக்கிறேன்.