ஒரே அளவு, மூன்று பைகள்: கேன்வாஸா, ரெக்சினா, ஜமக்காளமா?

பிரான்ஸின் ஆடம்பர ஃபேஷன் நிறுவனமான டியோர் 2018இல் கொண்டுவந்த 'புக் டோட்' பையைப் படத்தில் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டுத் திண்ணையில் விரிக்கும் பவானி ஜமக்காளம்தான். நிமிர்ந்து நிற்கும் செவ்வகம், இரண்டு கைப்பிடி, முழுக்க முழுக்க நூலின் அழகு. விலை மட்டும் லட்சங்களில். அந்த வடிவத்தை 500 ரூபாய்க்குள் தைத்துவிட முடியுமா என்று பார்க்க, மூன்று துணிகளில் மூன்று பைகள் தைத்தேன்.

மூன்றுக்கும் ஒரே அளவு: அகலம் 14 அங்குலம், உயரம் 11, அடிப்பாகம் 6. முன்பக்கம், அடி, பின்பக்கம் மூன்றும் ஒரே துண்டாக வர 21க்கு 30 அங்குலம் வெட்டினால் போதும். பக்கங்களைத் தைத்தபின் அடி மூலைகளை முக்கோணமாக இழுத்துப் பிடித்து, 6 அங்குல நீளத்துக்குக் குறுக்கே ஒரு தையல். பை தானாக நிற்கும். அசல் பையின் வாய் திறந்தே இருக்கும். அது காரில் போகிறவர்களுக்குச் சரி. காலை எட்டரை மணிக்கு ஈரோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் எனக்கு ஜிப் வேண்டும்.

கேன்வாஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது நல்ல பிள்ளை. ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தையில் மீட்டர் 180 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் தைத்து முடித்த பை முதல் சலவையில் சுருங்கும். 16ஆம் நம்பர் ஊசி போதும். தவறாகத் தைத்தால் பிரித்துவிட்டு, ஈரத்துணி வைத்துத் தேய்த்தால் பழைய துளை பெரும்பாலும் தெரியாது. குறை ஒன்றுதான்: வெறும் கேன்வாஸில் தைத்த பை மளிகைக் கடை இலவசப் பையைப் போலவே இருக்கிறது. அதை மறைக்க எம்பிராய்டரி போட்டால் நாலு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ரெக்சின், அதாவது செயற்கைத் தோல், பார்ப்பதற்கு மூன்றிலும் பணக்காரத்தனமானது. மீட்டர் 220. கடையில் விரித்துக் காட்டும்போது மனம் மயங்கத்தான் செய்கிறது. வீட்டுக்கு வந்தபின்தான் அதன் குணம் தெரிந்தது. குண்டூசி குத்தினால் துளை, தையலைப் பிரித்தால் வரிசையாகத் துளை, எதுவும் மறையாது. இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோக முடியாது. மெஷின் பாதம் மேலே ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். மேலே பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் நான் ஜாக்கெட்டுக்குப் போடுவதுபோல் பொடித் தையலாகப் போட்டேன். துளைகள் நெருங்கி, கைப்பிடி வேரில் தபால்தலை கிழிவதுபோலக் கிழிந்தது. தையல் நீளமாக இருந்திருக்க வேண்டும். குண்டூசிக்குப் பதில் துணிக்கு மாட்டும் கிளிப் போட்டிருக்க வேண்டும். இரண்டாவது துண்டு வெட்டியதில் 'மலிவு' என்ற பேச்சே முடிந்துபோனது.

இனி ஜமக்காளம். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் விசைத்தறியில் நெய்ததை அதே பெயரில் விற்கிறார்கள். கைத்தறிதானா என்று கேட்டு வாங்குங்கள். நகல் பைக்கு நகல் துணியா என்று என் நங்கை (அண்ணி) கேட்டது நியாயம்தான். மூன்றடிக்கு ஆறடி ஒன்று 500 ரூபாய் கொடுத்தேன். கணக்குப் போட்டால் மலைப்பு தீரும்: 72 அங்குல நீளத்தில் 21 அங்குலமாக மூன்று உடல் துண்டுகள் கிடைக்கின்றன. ஒரு பைக்கு 167 ரூபாய்தான்.

சிக்கல் வெட்டுவதில். கத்தரி பட்ட உடனே ஓர நூல் உதிர ஆரம்பிக்கும். அதனால் முதலில் சாக்கட்டியில் கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு தையல் ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகு நடுவில் வெட்ட வேண்டும். கைப்பிடியையும் ஜமக்காளத்திலேயே மடித்தால் நாலு அடுக்கு, அதோடு பையின் வாய் மடிப்பு. எந்த வீட்டு மெஷினும் திணறும். பருத்தி பெல்ட் நாடாவை மீட்டர் கணக்கில் வாங்கிக் கைப்பிடியாக வைத்தேன். அதைத் தைக்கும் இடத்தில் மட்டும் 18ஆம் நம்பர் ஊசி. மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் உருட்டினேன். ஒவ்வொரு குத்துக்கும் ஊசி 'டக்' என்று இறங்கியது, உடையவில்லை. பக்கத் தையலில் சிவப்புக் கோடு சிவப்புக் கோட்டோடு பொருந்தியாக வேண்டும். அரை அங்குலம் பிசகினாலும் கண்ணில் குத்தும். நான் இரண்டு முறை பிரித்தேன். துணி எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

லைனிங், ஜிப், அதை இழுக்கும் ரன்னர், நாடா, நூல் எல்லாம் சேர்த்து இன்னும் 150. ஆக 317 ரூபாயில் பை முடிந்தது. உள்ளே ஸ்பாஞ்ச் எதுவும் வைக்கவில்லை. ஜமக்காளத்துக்கு அந்த விறைப்பு இயற்கையிலேயே இருக்கிறது. துவைப்பதுதான் தொல்லை: கனம் அதிகம், காய இரண்டு நாள் ஆகும், முதல் தண்ணீரில் சாயம் போகிறதா என்று ஓரத்துண்டில் பார்த்துவிடுங்கள்.

இதுவரை மெஷினில் தலையணை உறைக்கு மேல் தைக்காதவர் கேன்வாஸில் தொடங்கலாம். கை ஓரளவு பழகியிருந்தால் நேராக ஜமக்காளத்துக்குப் போங்கள். ரெக்சினை, தோல் தைக்கும் மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். எதில் தைத்தாலும் வடிவத்தை மட்டும் கடன் வாங்குங்கள்; நிறுவனத்தின் பெயரையோ முத்திரையையோ ஒட்டி விற்றால் அது போலி, சட்டப்படி குற்றம்.

முதல் ஜமக்காளப் பையை நங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். "அம்மணி, இதில் மூன்று கிலோ வெங்காயம் தாங்குகிறது" என்று சந்தையிலிருந்தே போன் செய்தார். இரண்டாவது என் தோளில். மூன்றாவது துண்டு மெஷின் மேல் கிடக்கிறது, பச்சை ஜிப் கிடைக்கவில்லை.